அத்தை கழுவிய பலகைகள்

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு வீட்டால். வீட்டை விற்கவோ பங்கு பிரிக்கவோ சண்டை போட்டிருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். இவர்கள் சண்டை, அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்.

ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், குளக்கரையில் இருந்தது அந்த வீடு. பர்மா போய் வந்த பூட்டன் கட்டியது. கீழே செங்கல், குளத்தைப் பார்த்த மாடி முழுக்கத் தேக்குப் பலகை. மாமா இறந்தபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட அத்தை, அந்த மாடியில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பலகைகள் உளுத்து மழை உள்ளே இறங்கியதும், இடித்துவிட்டு காங்கிரீட் போடலாம் என்றார் அப்பா. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த சித்தப்பாவோ, ஓர் ஆணிகூட மாறக்கூடாது என்றார். அங்கே ஆற்றோரத்துப் பழைய கட்டடங்களை அப்படித்தான் காப்பாற்றுகிறார்களாம். “அப்ப அவனே பார்த்துக்கட்டும். அரைகொறையா விட்டுட்டுப் போனான்னா, இடிச்சுத் தள்ளிருவேன்” என்று சொல்லிவிட்டு ஆலங்குடிக்குத் திரும்பிய அப்பா, அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அத்தைக்கு மாடியும் வேண்டும், இரண்டு பேரும் வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக் காலாண்டு லீவுக்கு நான் அங்கேதான் இருந்தேன். சித்தப்பாவும் ஆசாரியும் பலகைகளைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, உளுத்த முனைகளுக்குப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டார்கள். ஆசாரி ஆசையாக வாங்கிவந்த வார்னிஷைச் சித்தப்பா திருப்பிக் கொடுக்கச் சொன்னார். “புதுசு மாதிரி பளபளன்னு இருந்தா, அப்பறம் எதுக்குப் பழைய வீடு?”

கையால் அறுத்த பலகைகள். ஒன்றின் அகலம் இன்னொன்றுக்கு இருக்காது. வரிசை தப்பினால் ஒன்றும் பொருந்தாது. அதனால் ஒவ்வொன்றின் பின்பக்கமும் நம்பர். சித்தப்பா சொல்லச் சொல்ல, சாக்பீஸால் எழுதியது அத்தை.

ஆயுத பூசையன்று காலையில் சித்தப்பா திருவரங்குளம் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால், பலகைகள் எல்லாம் முன்னும் பின்னும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாகச் சாய்ந்திருந்தன. நம்பர் ஒன்றையும் காணோம்.

“கூறு இருக்காக்கா ஒனக்கு? அடுத்த வாரம் ஃபிளைட்டு எனக்கு.”

“நாளும் கெழமையுமா கதவு நெலைய எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிறோம். பலகை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் அத்தை. பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அண்ணனுக்குத் தெரியும்டா. சின்னப் புள்ளையில அவுக அந்த மாடியிலதான கெடந்தாக” என்றாள்.

சித்தப்பா பலகைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அத்தையே போன் போட்டாள்.

டிவிஎஸ் ஃபிப்டியில் வந்திறங்கிய அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இரண்டு முழம் தள்ளி நின்ற தம்பியை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: “என்ன செய்யப் போறானாம் ஒங்க சித்தப்பன்?”

“பார்த்துக்கிருவேன்னு சொல்லு” என்றார் சித்தப்பா, அதுவும் என்னிடமே.

நானும் இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். பெரிய உத்தியோகம் கிடைத்த பெருமை எனக்கு.

வடக்கே மேகம் கட்டியிருந்தது. அப்பா ஒரு பலகையைத் தடவினார். “இது சன்னலுக்கு இடப்பக்கம்னு சொல்லு. அதைத் தலைகீழா வச்சிருக்கான்னு சொல்லு.” அடுத்த பலகையில் கரிந்த வடு இருந்தது. என்னை மறந்துவிட்டார். “கார்த்திகை வெளக்கை நீதானடா இதுல சாச்சே?”

“நான் இல்லண்ணே. நீங்க. அடி வாங்குனது மட்டும் நான்.”

அப்பா சிரித்துவிட்டார். அதோடு என் உத்தியோகம் போயிற்று, அழுகையே வந்தது. நாலே நாளில், மழைக்கு முன்னால் மாடி எழுந்துவிட்டது. கடைசி ஆணியை அப்பாதான் அடித்தார், பழைய ஆணி. இன்றைக்கும் குளத்துக் காற்று பலமாக வீசினால் அந்தப் பலகைகள் முனகும். எனக்கு அதைக் கேட்டபடி தூங்கப் பிடிக்கும்.

அந்த ஆயுத பூசையன்று சாயங்காலமே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அருவாமனையில் பொட்டில்லை. அத்தைக்குச் சோறு போடும் தையல் மிஷினிலும் இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். வெளியே அண்ணனும் தம்பியும் எந்தப் பலகை எங்கே என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அத்தை, “மறந்துட்டேன்டி” என்றாள்.

இதையா மறப்பார்கள் என்று, பாவம் அத்தை, அவளுக்காக இரண்டுக்கும் நானே பொட்டு வைத்தேன்.