காதோரச் சிக்கு

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், நீடாமங்கலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு கோல்டன்டூடுல் என்ற கலப்பின நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டான். உடம்பெல்லாம் சுருட்டை முடி. பப்பு என்று பெயர் வைத்தோம்.

"தினமும் சீவி விடணும்மா" என்றான்.

மூன்று பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஒரு நாய்க்குட்டியை வளர்க்கத் தெரியாதா? நன்றாகக் குளிப்பாட்டினேன். சீப்பைத்தான் எடுக்கவே இல்லை.

சில மாதங்களில் பப்பு தலையைத் தொட்டாலே உறுமியது. ஒருநாள் என் கையைக் கடித்தும் விட்டது.

"கடிக்கிற நாயை வச்சுக்க முடியாதுடா. வந்து கூட்டிட்டுப் போ" என்று வாசலில் நின்று போனில் கத்தினேன்.

பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கு அது கேட்டிருக்கிறது. அவள் ஆடு வளர்ப்பவள். வயல் வரப்புத் தகராறில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே வழக்கு நடக்கிறது, பேச்சுவார்த்தையே கிடையாது. இருந்தும் அவளாகவே வந்தாள். பப்புவின் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் தடவியபடியே காதுக்குப் பின்னால் மெதுவாக விரலை விட்டாள்.

"இங்க பாருங்கக்கா. முடி சிக்குப் பிடிச்சுத் தோலை இழுக்குது. உள்ள புண்ணாயிடுச்சு. வலி தாங்காமத்தான் உறுமுது."

குட்டியை நான் பிடித்துக்கொள்ள, அவள் சிறிய கத்தரியால் சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். முனகிக்கொண்டிருந்த பப்பு, முடிந்ததும் அவள் கையை நக்கியது. மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போய்ப் புண்ணுக்கு மருந்து வாங்கினேன். தப்பு என்னுடையது என்று மகனிடம் ஒப்புக்கொண்டேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் மல்லிகா தெருவில் போனால், பப்பு எழுவதற்கு முன்பே நான் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.