செல்லு கொறஞ்சா நல்லதுதானே

ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எட்டு வருடமாக ரத்தம் பரிசோதிக்கிறேன். நான் கலசப்பாக்கம் பக்கத்துப் பெண். மலைக்கு வந்த புதிதில் பஸ்ஸில் வாந்தி எடுத்தவள், இப்போது கொண்டை ஊசி வளைவுகளில் தூங்கிக்கொண்டே வருகிறேன். வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் போதும், டாக்டர் கேட்பதற்கு முன்பே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதில் என் கண் தப்பு செய்ததில்லை. தப்பு செய்தது வாய்.

போன வருடம் ஐந்து மாத வயிற்றோடு ஒரு பெண் வந்தாள். முதல் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் அவள் பிழைத்ததே பெரிது, பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது. ரத்தத்தைப் பார்த்தேன், நல்ல சோகை. "இன்னாம்மா, சிவப்பு செல்லு ரொம்ப கொறஞ்சிருக்கு. இந்த மாத்திரைய தெனம் ஒண்ணு போடு" என்றேன். அவள் சிரித்தாள். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஏழாம் மாதம் மறுபடி வந்தாள். இம்முறை இன்னும் மோசம்.

"சிஸ்டர், கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிதான் இருக்கு."

"அப்பாடா" என்று மூச்சுவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னா அப்பாடா? மாத்திர போட்டியா இல்லியா?"

"நீங்கதான சொன்னீங்க, செல்லு கொறஞ்சிடுச்சின்னு. அப்பறம் மருந்து எதுக்குன்னு வுட்டுட்டேன். மீதிய சாம அரிசி மூட்டைக்கு அடியில போட்டு வச்சிருக்கேன். எங்க வூட்ல அங்கதான் செல்லு தொல்ல ஜாஸ்தி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்லு என்றால் இவர்களுக்குக் கறையான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம்; மரக்கதவு செல்லரித்தால் என் அம்மா போடும் சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும். படிப்பு வந்ததும் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் எனக்கு மறந்துவிட்டது. அவள் ரத்தத்தில் சிவப்புக் கறையான் இருந்தது, அது குறைந்துவிட்டது என்று நானே நற்செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

டாக்டர் வந்து, இனி மாத்திரைக்கு நேரமில்லை, இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றிவிடலாம் என்றார். நான் அவசரமாக, "செல்லு கூடணும், அதுக்குத்தான்" என்று விளக்கப் போக, காரியம் கெட்டது. அவள் எழுந்துவிட்டாள். "ஒடம்புல செல்லு ஏத்தறதா? வேணாம் சிஸ்டர். மொத புள்ளயே போச்சி எனக்கு." வெளியே ஷேர் ஜீப் ஹாரன் அடித்தது. இவளை இப்படியே அனுப்பினால் இந்தப் பிரசவத்தில் இவளும் போய்விடுவாள். அந்தப் பயத்தை நான் இன்றும் உடம்பில் உணர்கிறேன்.

ஓடிப்போய் ஜீப்பை நிறுத்திவைத்துவிட்டு வந்தேன். ஒரு குச்சியால் அவள் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன்.

"என் கண்ணு முடிதான் தெரியுது."

"கிட்ட வச்சிப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "வரப்பு கட்டுன கொல்லையாட்டம் இருக்கு. நடுவுல ஒரு பொட்டு. இது பூச்சியா?"

"பூச்சி இல்ல, நீதான். நாங்க செல்லுன்றது இதத்தான். ஒன் ஒடம்பு மொத்தமும் இந்த மாதிரி கோடிக்கணக்குல சேந்ததுதான். அந்த வரப்பு, எது உள்ள வரணும் எது வெளிய போவணும்னு பாத்துக்கும். எந்த வேலைய எப்படிச் செய்யணும்ங்கிற குறிப்பு எல்லாம் பொட்டுல இருக்கு. சுத்தி இருக்கிற கூழுக்குள்ள குட்டி குட்டி அடுப்பு இருக்கு, நீ துன்ற சோத்த எரிச்சி தெம்பு எடுக்கும். அது இதுல தெரியாது."

பிறகு அவள் ரத்தத்தை வைத்தேன். பார்த்துவிட்டு என்னை முறைத்தாள். "இதுல பொட்டே காணோமே? நடுவுல வெளுத்துக் கெடக்கு."

"அது மூச்சுக் காத்த சொமக்கறது. எடம் பத்தாதுன்னு பொட்டு, அடுப்பு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுத்தான் ரத்தத்துல ஓடுது."

"சந்த ஜீப்பு மாதிரி" என்றாள் உடனே. "சீட்ட கழட்டிட்டு புளி மூட்ட ஏத்துவாங்களே."

இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது. நான் என் விரலையும் குத்தி, சாயம் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அதற்குள் வெளியே ஜீப்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"ஒங்க ஜீப்புல லோடு இருக்கு" என்றாள் மெதுவாக. "என்துல்லாம் வெறுமனே ஓடுது."

"மூட்டைய கட்ட கயிறு இல்ல. இரும்புதான் கயிறு. அதத்தான் டாக்டர் ஏத்தறேன்றார்."

அவள் கையை நீட்டிவிட்டாள். ஜீப்காரரைப் போகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பழைய ரிஜிஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அவர்களில் யார் யார் சிரித்தார்கள் என்று பெயர் பெயராக யோசித்துக் குறித்துக்கொண்டேன். ஆனால் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நான் இல்லை. மறுநாளிலிருந்து ஊர் ஊராகப் போய் சோகை இருந்தவர்களைத் தேடிப் பேசினேன். செல் என்ற சொல்லை மூட்டை கட்டிவிட்டு ஜீப்பு என்று சொன்னேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன். மேலதிகாரி ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

அவளுக்கு மூன்று முறை மருந்து ஏற்றினோம். ஒன்பதாம் மாதம் பார்த்தபோது அவள் ரத்தம் என்னுடையதோடு போட்டி போட்டது. வலி எடுப்பதற்கு முன்பே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம்.

நான்காம் நாள் எனக்குப் போன் வந்தது. அவள்தான். குரல் சோர்ந்திருந்தது.

"சிஸ்டர், பொண்ணு பொறந்திருக்கா. நல்லா கீறா."

"நீ எப்படி இருக்க?"

"இந்த வாட்டியும் ரத்தம் நெறையா போயிடுச்சி. எங்க வூட்டுக்காரரு அழுதுட்டாரு. நான் பயப்படலிங்க. லோடு ஏத்திக்கினுதான மலய வுட்டு எறங்குனேன்."