அவர் வாசிக்காமல் விட்ட வரிகள்

எதை வாசித்தாலும் தையல்காரர் ஆள்காட்டி விரல் நகத்தை வரிக்குக் கீழே ஓட்டுவார். தினமும் நீலச் சாக்கட்டி பிடிக்கிற விரல். அன்றைக்கு மனைவியின் லேப்டாப் திரையிலும் நீலநீலமாகக் கோடுகள் விழுந்திருந்தன.

அவளால் பார்க்க முடியாது. விழித்திரை கிழிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஒரு வாரத்துக்கு இரண்டு கண்ணிலும் கட்டு, குப்புறப் படுக்கை. கட்டைப் பிரித்துத் திரையைப் பார்த்தால் கண் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவள் வேலை பார்க்கும் ரத்த வங்கியில் அன்று காலை பழைய சர்வர் உயிரை விட்டது. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த ரத்தம் என்பதெல்லாம் மெயிலில்தான் வரும். வீட்டு லேப்டாப் வழியாகவே புது மெஷினில் மெயில் சர்வரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மனிதர் எழுதிய நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேண்டாத வசதிகளை அணைத்துவிட்டுச் செய்வது அவள் வழக்கம். இந்த முறை பாதியில் நின்றுவிட்டது.

"என்ன சொல்லுது?" தலையணைக்குள்ளிருந்து குரல்.

"இருநூத்திப் பதினாறாவது வரியில ஒரு பேரு இருக்காம். அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்குது."

"மேல எங்கயாவது அந்தப் பேரு இருக்கா?"

"இருக்கே. எண்பத்திரண்டுல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கு."

மூன்று தடவை வாசிக்க வைத்தாள். மூன்று தடவையும் அதுவேதான். அவள் கை கட்டின் ஓரத்துப் பிளாஸ்திரியைத் தேடிப் போனது.

"ஒரே நிமிஷம் பார்த்துடறேங்க."

"கையை எடு!" அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை, ஒண்ணுவிடாம வாசிக்கறேன்."

"அப்ப இவ்வளவு நேரம் எதை விட்டீங்க?"

"முன்னால '#'னு ஹாஷ் குறி போட்ட வரியை மட்டும்தாம்மா. நீதானே காலையில சொன்னே, அதெல்லாம் சும்மா குறிப்பு, வாசிக்க வேணாம்னு?"

தலையணை குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவர் குனிந்து பார்த்தார்.

"அது செட்டிங்ஸ் ஃபைலுக்குச் சொன்னதுங்க. இது நிரல், இதுல ஹாஷ்தான் உத்தரவே. இந்த வசதி இருந்தா மட்டும் இதைச் சேர்த்துக்கோன்னு அர்த்தம்."

எண்பத்தொன்றாம் வரியை வாசித்தார். அதில் கேட்டிருந்தது அவள் அணைத்த வசதியையேதான்.

"ஓகோ. உள்பாக்கெட் வேணாம்னுட்டோம், துணியே வெட்டல. கீழ ஒருத்தன் அதுக்கு மூடி தைச்சிட்டிருக்கான்!"

"அதேதான். அந்த மூடிக்கு மேலயும் கீழயும் அதே மாதிரி ஹாஷ் வரி போடுங்க."

ஒற்றை விரலால் அடித்தார். கம்பைல் இந்த முறை நிற்காமல் ஓடி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் ரத்த வங்கியிலிருந்து ஃபோன்: "மெயில் வருது மேடம்!" அவள் கிளப்பிவிட்டிருந்த பிளாஸ்திரி முனையை அவர் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

கண் தேறியதும் அந்தத் திருத்தத்தை மென்பொருள்காரர்களுக்கு அவளே அனுப்பி வைத்தாள். பல மாதம் கழித்து வந்த அடுத்த பதிப்பின் குறிப்புகளைப் பார்த்தபோதுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. அவள் தன் பெயரைக் கொடுக்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், 'ஒரு தையல்காரர்' என்று இருந்தது.