ஐம்பது கேபிக்குள் ஒரு சான்றிதழ்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிரே போகும் சந்தில், இரண்டாவது கடை அமிர்தவல்லியுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், உதவித்தொகைக்குப் பதிவு செய்பவர்கள், பட்டா மாற்றத்துக்கு அலைபவர்கள் எல்லாரும் கையில் ஒரு பைலோடு அங்கே வருவார்கள். காகிதத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி, வெப்சைட் கேட்கும் அளவுக்குச் சுருக்கி ஏற்றித் தருவதுதான் அவருடைய வேலை. ஒரு சைட் இருநூறு கேபி வரை விடும். இன்னொன்று ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு எழுத்தில் திட்டும்.

அமிர்தவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்த ஊர் ராஜபாளையம். பதினெட்டு வயதில் நூல் மில்லில், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். பழைய மிஷின்களை எடுத்துவிட்டுத் தானியங்கி மிஷின் போட்டபோது அந்தப் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். வேலை போன மறுவாரமே டைப்பிங் வகுப்பில் சேர்ந்தார். பிறகு நான்கு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, இந்தக் கடையைப் பிடித்தார். கணவர் இம்மானுவேல் பேண்டேஜ் துணி ஏற்றும் வேன் ஓட்டுகிறார். தினமும் காலை எட்டரை பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து கிளம்பினால் ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடலாம்.

போன வருடம் ஜூலை மாதம், காளீஸ்வரி என்ற பெண் கடைக்கு வந்தாள். கூமாப்பட்டிக்காரி, வயது இருபத்தாறு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அரசு ஆஸ்பத்திரிகளில் ஆய்வக உதவியாளர் பணிக்கு ஆள் எடுத்தார்கள். அன்று சாயங்காலத்தோடு அவகாசம் முடிகிறது. கடை வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். சைட் ஒரு பக்கம் திறப்பதற்கு மூன்று நிமிடம் எடுத்தது.

காளீஸ்வரியின் டிப்ளமோ சான்றிதழ் அவள் போனில் பிடிஎப்பாக இருந்தது. ஆறு எம்பி. சைட் கேட்டது ஐம்பது கேபிக்குள் ஒரு படம். அமிர்தவல்லி வழக்கம்போல இலவசமாகச் சுருக்கித் தரும் ஒரு வெப்சைட்டில் அதைப் போட்டார். பத்தொன்பது கேபியில் வந்தது. ஏற்றினார். பச்சை டிக் விழுந்தது.

"முடிஞ்சிருச்சு பாப்பா. அடுத்த ஆளு வாங்க."

அந்தப் படத்தை அவர் திறந்து பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, வாட்ஸப்பில் காளீஸ்வரியின் செய்தி வந்தது. நிராகரித்த பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. சான்றிதழ் எண் பொருந்தவில்லை என்று காரணம் போட்டிருக்கிறது. மறுப்புத் தெரிவிக்கப் புதன்கிழமை மாலை வரை அவகாசம். "காலேஜ்லதான் நம்பரைத் தப்பா பதிஞ்சிருக்காங்க போல அக்கா. திங்கக்கிழமை திருநெல்வேலிக்குப் போயி லெட்டர் வாங்கிட்டு வாரேன். பொறவு நீங்கதான் ஏத்தித் தரணும்."

அமிர்தவல்லி கடையை அடைக்கப் போனவர், மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டார். அன்று ஏற்றிய படம் போல்டரில் இருந்தது. திறந்து பெரிதாக்கினார். விண்ணப்பத்தில் டைப் செய்த எண் 40618. படத்தில் கடைசி எட்டின் இடது பக்கக் கோடுகள் கரைந்து போய், மூன்று மாதிரித் தெரிந்தது. மேலே ஊதா முத்திரை வேறு. யார் பார்த்தாலும் 40613 என்றுதான் படிப்பார்கள்.

காலேஜில் தப்பில்லை. பட்டியல் போட்டவர்களிடமும் தப்பில்லை. ஐம்பது கேபி இடம் இருந்தும் பத்தொன்பதுக்குக் கசக்கி, பார்க்காமல் ஏற்றியது அவர்தான்.

உடனே போன் போட்டார். கிடைக்கவில்லை. கூமாப்பட்டியில் அந்தப் பெண்ணின் வீடு மலையடிவாரப் பக்கம், டவர் சரியாக எடுக்காது. செய்தி அனுப்பினார். ஒற்றை டிக்கோடு நின்றது.

வீட்டில் இம்மானுவேலிடம் சொன்னார். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்கே தெரியல. நீயாப் போயி ஏன் மாட்டுற? சைட்டுல கோளாறுன்னு சொல்லி, வேற படம் ஏத்திக் குடுத்துரு."

"ஏத்தணும்னா ஒரிஜினல் வேணும். அந்த பிடிஎப்பே மங்கல். ஒரிஜினல் அவ வீட்டுல இருக்கு. அவ திங்கக்கிழமை திருநெல்வேலிக்குப் போயிட்டா ரெண்டு நாளு வீணாப் போயிரும்."

"அப்ப போ. ஆனா தப்பு என் தப்புன்னு சொல்லணுமா?"

"சொல்லாம எப்படி காகிதத்தைக் கேக்க?"

இம்மானுவேல் மறுபடி தட்டுக்குக் குனிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் அமிர்தவல்லி வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். காளீஸ்வரியின் அப்பா முத்துப்பாண்டி வாசலில் கடப்பாரையை நட்டுவைத்துத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

காளீஸ்வரி உள்ளிருந்து வந்து, "என்னக்கா இம்புட்டு தூரம்?" என்றாள்.

அமிர்தவல்லி நின்றபடியே சொல்லிவிட்டார். படத்தைப் போனில் காட்டினார். காளீஸ்வரி விரல்களால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

முத்துப்பாண்டிதான் எழுந்தார். "என்னம்மா சொல்றீய? எம்புள்ள ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல கெடந்து படிச்சிருக்கா. நீங்க ஒரு தடவை பாத்துட்டு அனுப்ப மாட்டியளா?"

"பாத்திருக்கணும் அண்ணாச்சி. பாக்கல."

"கூட்டமா இருந்துச்சுன்னு சொல்லுவிய."

"கூட்டம் இருந்துச்சு. ஆனா அது காரணமில்ல. ஒரு நிமிசம் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் கடப்பாரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த தேங்காயை எடுத்து ஓங்கிக் குத்தினார். காளீஸ்வரி உள்ளே போய், சான்றிதழை பிளாஸ்டிக் கவரோடு எடுத்து வந்தாள். செருப்பைப் போட்டாள். "வாங்கக்கா, ரெண்டு மணிக்கு பஸ் இருக்கு."

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். வத்திராயிருப்பு தாண்டியதும் காளீஸ்வரி, "நீங்க சொல்லலைன்னா நான் காலேஜ்ல போயிச் சண்டை போட்டிருப்பேன்" என்றாள். கோபத்தோடு சொன்னாளா, வேறு மாதிரியா என்று அமிர்தவல்லிக்குப் புரியவில்லை.

கடையைத் திறந்து சான்றிதழை ஸ்கேனரில் வைத்தபோது மணி மூன்றரை. அப்போதுதான் சிக்கல் எங்கே என்று தெரிந்தது. காகிதம் முழுக்க இளம்பச்சையில் நெளிநெளியாகப் பூவேலை. போலி அடிக்க முடியாதபடி போட்ட கோலம். அந்தக் கோடு ஒவ்வொன்றும் படத்தின் கனத்தைக் கூட்டியது. கனத்தைக் குறைத்தால் கோலத்தோடு எழுத்தும் கரைந்தது. முதல் முறை நூற்று எழுபது கேபி. அடுத்தது எண்பத்தொன்று. இன்னும் குறைத்ததும் எட்டு மறுபடி மூன்றாகிவிட்டது.

"பின்னாடி இருக்க பச்சையை வெள்ளையாக்கிட்டா?" என்றாள் காளீஸ்வரி.

அமிர்தவல்லி செய்து பார்த்தார். முப்பது கேபிக்கு வந்தது. எழுத்து கண்ணாடி மாதிரித் தெரிந்தது. ஆனால் பச்சையோடு முத்திரையில் பாதியும் போய்விட்டது.

"இது வேண்டாம். வெள்ளைக் காகிதத்துல நாமளே அடிச்ச மாதிரி இருக்கு."

"அப்ப அந்த ஒரு நம்பரை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்குவோமா? அதுல உள்ள நம்பர்தானே."

அமிர்தவல்லி மவுஸிலிருந்து கையை எடுத்தார். "அது திருத்துனதாயிரும் தாயி. சான்றிதழ்ல ஒரு புள்ளி நாம வைக்கக் கூடாது. வேற வழி பாப்போம், செத்த நேரம் இரு."

இலவச வெப்சைட்டை விட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருளிலேயே ஒவ்வொன்றாகச் செய்தார். ஓரத்து வெற்றிடத்தை வெட்டினார். நிறத்தை எடுத்துச் சாம்பல் படமாக்கினார். தரத்தைக் குறைப்பதற்கு முன்னால் படத்தின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் திறந்து எண்ணைப் பார்த்தார். பதினான்காவது முறை நாற்பத்தெட்டு கேபி. முத்திரை இருந்தது, கோலம் மெலிதாக இருந்தது, எட்டு எட்டாக இருந்தது.

நம்பிக்கை வராமல், திரையை வாசல் பக்கம் திருப்பி, பக்கத்து டீக்கடை தங்கச்சாமியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இதுல என்ன நம்பர்னு படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நாப்பதாயிரத்து அறுநூத்திப் பதினெட்டு. ஏன், லாட்டரியா?" என்றார். அன்றைக்கு முதல் முறையாகக் காளீஸ்வரி சிரித்தாள்.

படத்தை ஏற்றினார்கள். மறுப்புக் கடிதத்துக்கு ஒரு பக்கம் இணைக்க இடம் இருந்தது. சான்றிதழைப் படமாகச் சுருக்கியது தான் என்றும், எண் சிதைந்தது தன் கவனக்குறைவால் என்றும், விண்ணப்பதாரர் எதையும் தவறாகத் தரவில்லை என்றும் அமிர்தவல்லி டைப் செய்து, கடைப் பெயரும் போன் எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டார்.

ஒன்பது நாள் கழித்து வந்த திருத்திய பட்டியலில் காளீஸ்வரியின் பெயர் தகுதியானவர்கள் பக்கம் இருந்தது. அமிர்தவல்லியின் போனுக்கு யாரும் அழைத்து எதுவும் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தார். காளீஸ்வரி தேர்வு எழுதினாள். முதல் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்து, இந்த வருடம் ஏப்ரலில் ஆணை வந்தது. தேனிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிறாள். ஆணையை வாட்ஸப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "இதுல நம்பர் தெளிவா இருக்குக்கா."

முத்துப்பாண்டி இன்றுவரை அந்தக் கடைக்கு வந்ததில்லை. நீதிமன்றப் பக்கம் வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கமுள்ள வேறு கடைக்குப் போகிறார். அமிர்தவல்லி ஒரு முறை எதிரே பார்த்து வணக்கம் சொன்னார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இப்போது கடையில் எந்தப் படத்தையும் ஏற்றுவதற்கு முன் அமிர்தவல்லி திரையைத் திருப்பி வைத்து, பெயர், தேதி, எண் மூன்றையும் வந்தவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாற்காலியில் இருக்கும் அடுத்த ஆள் படித்துச் சொல்ல வேண்டும். இதனால் வேலை மெதுவாகிறது. அவசரமாக வரும் வக்கீல் குமாஸ்தாக்கள் இரண்டு மூன்று பேர் இப்போது எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். போன வாரம் ஒருவர் வரிசையில் நின்றே சலித்துக்கொண்டார்.

"ஏம்மா, எம்பேரு எனக்குத் தெரியாதா? இதைப் போயி படிக்கச் சொல்றியளே."

"உங்களுக்குத் தெரியும் சார். அங்க பாக்குறவியளுக்குத் தெரியணுமில்ல. படிங்க."

அவர் படித்தார்.