களத்தில் கொதித்த குழம்பு

ஞானம்பாள் ஆழ்வார்குறிச்சியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, இதை யாரும் பாரம்பரிய வீடு என்று சொன்னதில்லை. வெறும் பண்ணை வீடு. நெல் வந்து இறங்கும், அவிப்பார்கள், காயப்போடுவார்கள். மனிதர்கள் மிச்சமிருக்கிற இடத்தில் படுத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு ஓடு ஒழுக ஆரம்பித்தது. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மர வியாபாரி ஒருவர் வந்து தேக்குத் தூண்களுக்கு விலை சொல்லி, மற்றதை இடித்துப்போடலாம் என்றார். அந்தக் கோபத்தில்தான் கணவர் சிவசண்முகம் தன் ஓய்வுப் பணத்தைப் போட்டு வீட்டைச் செப்பனிட்டு, தங்க வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டார். நெல் அறை படுக்கையறை ஆனது. தொழுவம் சாப்பாட்டுக் கூடம் ஆனது.

ஆட்கள் வந்தார்கள். வாய்க்காலில் ஊறினார்கள், பத்தமடைப் பாயில் உருண்டார்கள், தேங்காய்ப்பால் சொதியைப் புகழ்ந்தார்கள். மறுநாளே பெட்டியைக் கட்டினார்கள்.

“ஒரு நேரம் சைவம் சாப்பிடுதாவ. அடுத்த நேரம் மீன் எங்கன கிடைக்கும்னு கேக்காவ,” என்றாள் ஜாய்சி. கடலோரத்து உவரிக்காரி, அறைகளைக் கவனிக்க வந்தவள். “நான் ஒரு சட்டி வைக்கட்டாம்மா?”

“இந்த அடுக்களையில முட்டை ஓடுகூட விழுந்ததில்ல, தெரியும்லா?”

“அதான் அடுக்களை சும்மா கெடக்கு.”

செய்தித்தாளுக்குப் பின்னால் சிவசண்முகம் சிரித்தார். ஞானம்பாள் திரும்பிப் பார்த்ததும் தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்ன பெரிய குடும்பம் ஒன்று, மீன் கிடையாது என்றதும் வேறிடம் பார்த்துக்கொண்டது. சாயங்காலம் சிவசண்முகம் மர வியாபாரியோடு போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

காயப்போட்ட மிளகாயை அள்ளக் களத்துக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த நாளில் பிசான நெல் அறுப்புக்கு ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் ஆட்கள் இந்தக் களத்தில்தான் தங்குவார்கள். பொழுது சாய்ந்தால் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். புதுப்பெண்ணான ஞானம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ள, மாமியார் புளியையும் விறகையும் அவள் கையில் திணித்து, “கொண்டுபோய்க் குடு. அறுக்கவன் வயிறு காஞ்சா ஒன் வீட்டுக்கு நெல்லு எப்படி வரும்?” என்பாள். இந்த வீடு ஒரு நாளும் மீன் வாசனைக்குப் பயந்ததில்லை. அடுக்களைதான் பயந்தது.

“ஏ ஜாய்சி! ஊர்லருந்து மீன் வருமா?”

“சொன்னா காலையில பஸ்லயே வந்துரும்.”

“களத்துல அடுப்பக் கூட்டு. புளியும் விறகும் நான் தாரேன். சட்டி மட்டும் படியேறக் கூடாது.”

“நாத்தம் அடிக்கும்மா…”

“எங்க மாமியாருக்கு இல்லாத மூக்கா எனக்கு?”

அந்த வாரம் வந்தவர்கள் களத்தில் சுற்றி உட்கார்ந்து, சாளை மீன் குழம்பைச் சட்டி தெரிய வழித்தார்கள். கிளம்பவேண்டியவர்கள் இன்னும் இரண்டு நாள் இருக்கிறோம் என்றார்கள். பொங்கலுக்குச் சொந்தக்காரர்களை அழைத்து வரலாமா என்றும் கேட்டார்கள். சிவசண்முகம் மர வியாபாரிக்குப் போன் போட்டு, “தூணு நிக்கட்டும் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு வந்து களத்தோரம் நாற்காலியைப் போட்டார்.

“ஞானம், மீன் வாடை காத்துல இங்கன அடிக்கு.”

“அப்போ அங்கன போய் உக்காருங்க,” என்றபடி அவள் அடுத்த இலைக்குச் சோறு வைத்தாள்.