நாக்கு அக்காவின் பாதிக் கண்

பிஸ்கட்டைக் காதருகே வைத்து உடைப்பாள். சத்தம் பிடித்திருந்தால் ஒரு துண்டை நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடுவாள். மெல்ல மாட்டாள். இமைகள் இறங்கும், முழுதாக அல்ல, பாதிக்கு. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டுத் தாளில் தீர்ப்பை எழுதுவாள். கவிதை படிக்கிற கெட்ட பழக்கத்தால் நான் அதைத் தியானம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பிஸ்கட் ஆலையில் ருசி பார்க்க இரண்டு பேர். முப்பது வயதைத் தாண்டிய நாக்கு அக்கா, அவளுக்கு எதிரே நான். பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு தீர்ப்பும் ஒத்துப்போனால்தான் சரக்கு வெளியே போகும்.

அந்த வருடம் அவளுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஏற்றிக்கொண்ட சில நாட்களிலேயே தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள். ஆலை முழுவதும் திடீரென்று டாக்டர்கள் முளைத்தார்கள். கணக்கர் தன் சித்தி குடித்த இலைச்சாறு ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

"சித்தி இப்ப எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்க. ஆனா கடைசி வரைக்கும் தெம்பா இருந்தாங்கம்மா."

"சரி சார், நானும் தெம்பாவே போயிடறேன்."

மேலாளருக்கு இரக்கம் ஜாஸ்தி. "நாக்குல ருசி குறைஞ்சா சொல்லிடும்மா. பேக்கிங்ல உக்காந்து பாக்கற வேலை தர்றேன்," என்றார். பேக்கிங்கில் இருப்பவர்கள் ஒப்பந்த ஆட்கள். மருத்துவக் காப்பீடு கிடையாது. அங்கே போனால் கீமோ பாதியில் நிற்கும். இரக்கம் அவ்வளவு தூரம் யோசிக்காது.

"நாக்குலயா? பேசறதுல ஏதாவது குறை தெரியுதா சார்?" என்று கேட்டாள்.

அவள் தீர்ப்புகளும் எப்போதும்போல என்னுடையதோடு அச்சாக ஒத்துப்போயின. என்ன ஏற்றினாலும் அசராத நாக்கு என்று வியந்தேன்.

பிறகு எனக்குச் சளி பிடித்தது. கீமோக்காரி வேலைக்கு வருகிறாள், மூக்கு ஒழுகுகிறவன் லீவு போடுவதா? போனேன். பிஸ்கட், காகித அட்டையைக் கடித்ததுபோல இருந்தது. தப்பிருந்தால் அக்கா பிடித்துவிடுவாள் என்ற தைரியத்தில் 'சரி' என்று எழுதினேன். அவளும் அதையே எழுதினாள்.

மாலையில் மேலாளர் அதில் ஒன்றைக் கடித்தார். சர்க்கரையே போடவில்லை.

இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "ரெண்டு நாக்கும் ஒரே நாள்ல செத்துப்போச்சா?"

"எனக்குச் சளி சார்," என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார்.

"இவன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு சார். காலையிலேருந்து மூக்கடைப்பு," என்றாள் அவள், கண்கூடச் சிமிட்டாமல்.

கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "அவங்க இருக்கற நிலைமைல எதிர்ல உக்காந்து தும்மறியே, மனுஷனா நீ?" என்னை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார். அவள் நாற்காலி அவளுக்கே நிலைத்தது. நான் தினமும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். பெரிய மனசு பண்ணி மன்னித்திருப்பதாகப் பதில் வந்தது.

சிகிச்சை முடிந்து, தலையில் முள் முள்ளாக முடி வந்த பிறகுதான் சொன்னாள்.

"எனக்கு ஏதுடா சளி? ரெண்டாவது கீமோவுலேருந்தே எல்லாம் துருப்பிடிச்ச ஆணி மாதிரிதான் இருந்துச்சு. உப்பு தூக்கலா இருந்தா உன் புருவம் ஏறும். தித்திப்பு ஜாஸ்தின்னா காது அசையும். அன்னிக்கு மூஞ்சி சும்மா இருந்துச்சு. 'சரி'ன்னு எழுதிட்டேன்."