இருபத்தைந்து ஊசி மாலை

எங்கள் வீட்டு ஹாலில், என் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மாலை தொங்குகிறது. பூமாலை இல்லை. கம்ப்யூட்டருக்குள் போகும் சாம்பல் நிறப் பட்டைக் கேபிளை வளையமாக முடிந்து, நடுவில் பதக்கம் மாதிரி இருபத்தைந்து ஊசி வைத்த பழைய கனெக்டர் ஒன்றைக் கோத்திருக்கிறது. சில ஊசிகள் வளைந்துபோய்விட்டன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் தூசி தட்டும்போதெல்லாம் அதையும் மறக்காமல் துடைப்பார். அப்பா அப்படிச் சொல்லிவைத்திருந்தார். போன வாரம் பழைய அலுவலகத் தோழர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் மேனேஜர் ஓய்வு பெறுகிறாராம். அவருக்காகச் சிறப்பு மலர் ஒன்று அச்சிடுகிறார்களாம். அவரைப் பற்றி மனதுக்கு நெருக்கமான நினைவு ஒன்றை நான் எழுதித் தரவேண்டுமாம். எனக்கு இருப்பது ஒரே நினைவுதான், அது இந்த ஆணியில் தொங்குகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. சீரியல் போர்ட் கார்டுகள் செய்து விற்றோம். கம்ப்யூட்டரோடு மோடமோ எடைமேடையோ பில் பிரிண்டரோ எழுத்தெழுத்தாகப் பேசிக்கொள்ளும் வாசல் அது. கார்டுகள் பலவிதம், ஆனால் அவற்றை ஓட்டும் டிரைவர் புரோகிராம் ஒன்றே ஒன்றுதான், எல்லோருக்கும் பொது. ஒருவர் அதில் தப்பாகக் கை வைத்தால் எல்லோருடைய கார்டும் படுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் மேனேஜர் இந்த வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பொது டிரைவரை உடைத்தவர் கழுத்தில் மாலை ஏறும். அலுவலகத்தில் இருக்கும்வரை கழற்றக்கூடாது. சாப்பிடும்போதும் சரி, வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்தாலும் சரி. அடுத்த ஆள் உடைக்கும்போது மாலை அவர் கழுத்துக்கு மாறும். மாறும் நாளில் எல்லோரும் கைதட்டுவோம், சமோசா வரும். எல்லாம் ஜாலிக்குத்தான் என்பார் மேனேஜர்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தலைமுறைகளாக இந்த ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். நம்மிடம் தமிழில் தொடங்கி, வாட்ச்மேனிடம் கன்னடத்தில் முடிப்பார். இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் ஒரு சிரிப்பு. நமக்கு வேலை ஓடவில்லை என்றால் பின்னால் வந்து நின்று, "சொல்ப நகரும்மா, நான் பாக்கறேன்" என்பார். நாம் எழுந்து நிற்போம். நம் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் நம் பெயரில் திறந்திருக்கும் கணக்கிலேயே சில வரிகளைத் தட்டிச் சேர்த்துவிட்டுப் போவார். வந்த தப்பெல்லாம் நம் பெயரில் ஏறும். அலுவலகத்தில் இது தெரியாதவர் கிடையாது.

நான் தகுதிகாண் காலத்தில் இருந்தபோது எடைமேடை செய்யும் ஒரு தொழிற்சாலைக்காரர்கள் தாங்களே வடிவமைத்த கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் கார்டில் சிப்பின் அறைகள் ஒரு தெரு வீடுகள் மாதிரி அடுத்தடுத்த எண்களில் இருக்கும். இவர்கள் நான்கு நான்கு எண் தள்ளி வைத்திருந்தார்கள். இதையும் நம் பொது டிரைவரே ஓட்டவேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் வந்து என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். நான்காவது எண்ணில் எதையாவது எழுதிப் பார், பதில் சரியாக வந்தால் புதுக் கார்டு, இல்லாவிட்டால் பழையது. இதுதான் அவர் சேர்த்தது. பழைய கார்டில் நான்காவது எண் என்பது மோடத்திடம் போனைக் கீழே வைக்கச் சொல்லும் இடம். பின்னால் நின்றபடி சொன்னேன். "சும்மா பயப்படாதே" என்று சேர்த்துவிட்டார். மறுநாள் காலையில் மோடம் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் லைன் அறுந்து அறுந்து விழுந்தது. மாலையை அவரே எடுத்து வந்து, தலைமுடியில் சிக்காமல் பக்குவமாக என் கழுத்தில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது, ரயில்வேயில் ஓய்வுபெற்ற அப்பாவின் பென்ஷனை மட்டும் நம்பி வீடு இருந்தது. மாலையோடு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்பா ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து வந்துவிட்டார். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு நின்று என் கழுத்தையே பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். அதற்குள் மேனேஜர் எழுந்து வந்துவிட்டார். "வாங்க சார். உங்க பொண்ணு பண்ண வேலைக்கு நாங்க போட்ட மாலை சார். சும்மா யாருக்கும் போடமாட்டோம்" என்றார், அதே சிரிப்போடு. பின்னால் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அப்பா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கனெக்டரை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன்னைவிட வயதில் சிறிய அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க கொழந்தய நல்லா பாத்துக்கறீங்க சார்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் நான் வீடு சேர்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போயிருந்தது.

எனக்கு அப்போது ஒரே குறி, மாலையைக் கழற்றவேண்டும். ஆத்திரத்தில் டிரைவரையே திருத்தி எழுதினேன். பொது டிரைவர் இனி எந்த எண்ணையும் நேராகத் தொடாது. ஒவ்வொரு கார்டும் தன்னை எப்படிப் படிப்பது, தனக்கு எப்படி எழுதுவது என்பதைத் தன் சொந்தக் கோப்பில் கொண்டுவரவேண்டும். எடைமேடைக் கார்டு ஓடியது, பழைய கார்டுகளும் ஓடின. அதன்பின் விதவிதமான கோணல் கார்டுகள் வந்தன. எழுதியவர்கள் தப்பும் செய்தார்கள், ஆனால் அவரவர் கார்டுதான் படுத்தது. பொது டிரைவர் உடையவேயில்லை. உடையாததால் அடுத்த ஆளே வரவில்லை. நான் நன்றாக எழுதியதால்தான் மாலை என் கழுத்திலேயே தங்கிவிட்டது. கழற்றட்டுமா சார் என்று ஒருமுறை கேட்டேன். "ரூல் ரூல்தானேம்மா" என்றார். வேண்டுமென்றே ஒரு வரியை உடைத்துப் பயனில்லை, மறுபடி என் கழுத்துக்கே வரும். மழைக்காலம் போய்க் குளிர் வந்தும் அது போகவில்லை. கழுத்தில் கேபிள் உரசிய இடம் கறுத்துப்போனது.

கடைசியில் வேறு வேலை தேடிக்கொண்டேன். போகும் நாளில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் மாலையை மடித்து என் பையில் வைத்தார். "வேற யாராவது ஒடைக்கற மாதிரி கொஞ்சம் ஓட்டை விட்டு எழுதியிருக்கணும்மா" என்றார். அதைச் சாக்கடையில் வீசுவதாகத்தான் இருந்தேன். அப்பா வாசலில் காத்திருந்து பையை வாங்கினார், மாலையைப் பார்த்தார், உள்ளே போய் ஆணி அடித்தார். என் கல்யாணத்துக்கு என்னைக் கேட்காமலே மேனேஜரைப் போய் அழைத்தும்விட்டார். மண்டபத்தில் அவருக்கு ரோஜா மாலை போட்டுச் சால்வை போர்த்தினார். மேனேஜர் மேடையேறி வந்து என் கல்யாண மாலையைப் பார்த்து, என் காதோரம் மட்டும், "இன்னைக்கு எதை ஒடைச்சே?" என்றார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும், பார்க்க வருகிறவர்களிடம் சுவரைக் காட்டிக் காட்டிப் பேசினார். அவர் போனபின் கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். கீழே நின்ற மகள், "தாத்தா அழுவாரு" என்றாள். இறங்கிவிட்டேன்.

மின்னஞ்சலின் கடைசி வரியை இன்னும் சொல்லவில்லை. "சார் ஸ்பெஷலா கேட்டார், அந்த மாலை இருந்தா போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பணுமாம், மலர்ல முதல் பக்கம் அதுதானாம்." நான் போட்டோ அனுப்பவில்லை. பொது டிரைவரை அதற்குப்பின் யாராவது உடைத்தார்களா என்று மட்டும் கேட்டேன். இன்று காலை பதில் வந்தது. "எங்கே, நீங்க எழுதினது அப்படியே ஓடிட்டிருக்கு. யாரும் கையே வைக்கறதில்ல." ஹாலில் வேலைக்கார அம்மாள் அப்பாவின் படத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் என் மாலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.